பஸ் நடுவழியில் நிற்கக் கூடாது! – டி.வி.சுந்தரம் அய்யங்கார் வரலாறு

மதுரைச் சீமையில் ஒரு காலத்தில் கடிகாரம் இல்லாத வீடுகள் மிகுதி. அப்படிப்பட்ட ஊர்களில் ஜனங்கள் பஸ்ஸைப் பார்த்து நேரம் சொன்னார்கள். டி.வி.எஸ். பஸ் வந்துவிட்டதா, மணி இன்னது என்று தெரிந்துகொண்டார்கள். கடிகாரம் வைத்திருந்தவர்களும் அந்த பஸ்ஸைப் பார்த்து முள்ளைத் திருத்திக்கொண்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வது உண்டு.

அந்த பஸ்களை ஓடவிட்டவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். அவருடைய பெயரின் முதல் எழுத்துக்களே பிற்காலத்தில் ஒரு பெரிய தொழில் கூட்டத்தின் பெயராக ஆயின. இன்று டி.வி.எஸ். என்றால் சிறுவர்களும் மோட்டார் சைக்கிளைச் சொல்வார்கள். அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

திருக்குறுங்குடியில் பிறந்தார்

திருநெல்வேலிச் சீமையில், மலையடிவாரத்தில், திருக்குறுங்குடி என்ற ஊர் இருக்கிறது. வைணவர்களுக்குப் பெரிய திருத்தலம். அந்த ஊரில் 1877-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி சுந்தரம் பிறந்தார்.

அந்தக் காலத்தில் படித்த பிள்ளை என்றால் வக்கீலாக வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போக வேண்டும். வியாபாரம் என்பது படித்தவர்கள் செய்யும் காரியமாகக் கருதப்படவில்லை. சுந்தரமும் முதலில் வக்கீல் தொழிலைத்தான் தொட்டார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். அதன் பிறகு பாங்கியில் வேலை பார்த்தார்.

மாதச் சம்பளம் வந்தது. குடும்பம் நடந்தது. ஆனால் மனம் அதில் நிற்கவில்லை. முப்பத்து நான்கு வயதில், குழந்தை குட்டிகளோடு இருந்த குடும்பஸ்தர், சம்பளத்தை விட்டுவிட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கினார். இது 1911-ம் ஆண்டு. கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தொழில் கவிழ்ந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தப் பயம் யாருக்கும் வரும். அவர் போட்டது, அந்நாளில் ஊரார் வேடிக்கை பார்க்கும் பொருளாக இருந்த மோட்டார் வண்டியில்!

மாட்டு வண்டிக்கு நடுவே மோட்டார்

1912-ல் பஸ் ஓடத் தொடங்கியது. தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஓடிய அவருடைய பஸ்தான் தென்னாட்டில் கிராமப்புறங்களுக்கு விடப்பட்ட பஸ்களில் மிகப் பழையது என்று சொல்லப்படுகிறது. பின்னர் மதுரை அவருடைய தலைமை இடமாயிற்று. மேல வெளி வீதியில் டி.வி.எஸ். கட்டடம் எழுந்தது.

அந்தக் காலத்துச் சாலையை நினைத்துப் பாருங்கள். தார் கிடையாது. சரளைக் கல்லும் புழுதியும்தான். சாலை முழுவதும் மாட்டு வண்டிகள். மாட்டின் குளம்பில் அடித்த லாடத்து ஆணிகள் கழன்று சாலையில் கிடக்கும். பஸ் டயரில் அவை ஏறினால் காற்று இறங்கிவிடும். இந்த ஆணிகளைப் பொறுக்குவதற்காகப் பெரிய காந்தத்தை வண்டியில் கட்டிச் சாலையில் ஓட்டினார்கள் என்று மதுரைப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. அவருடைய போக்கைப் பார்த்தால் அது நம்பக் கூடியதுதான்.

பஸ் நிற்பதற்கு ஆணி ஒரு காரணம். ஆனால் ஆணியை விடப் பெரிய எதிரி ஒன்று இருந்தது. அது சூடு!

தண்ணீர் எங்கே போகிறது?

மோட்டார் என்ஜினுக்குள் பெட்ரோல் எரிகிறது. எரியும்போது உண்டாகும் சூட்டில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மிச்சம் வெறும் வெப்பமாக இரும்பில் தங்குகிறது. அதை வெளியே எடுக்காவிட்டால் இரும்பு விரிந்து, உள்ளே ஓடும் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். என்ஜின் அதோடு தீர்ந்தது.

சூட்டை எடுக்கத் தண்ணீரைவிட மலிவான பொருள் இல்லை. ஜெர்மனியில் காரல் பென்ஸ் என்பவர் செய்த முதல் மோட்டார் வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகவே போய்விடும். 1888-ல் அவருடைய மனைவி பெர்த்தா, தம் இரு மகன்களை ஏற்றிக்கொண்டு அந்த வண்டியில் ஏறக்குறைய நூறு கிலோ மீட்டர் போனார். உலகில் முதல் நெடும் மோட்டார் பயணம் அதுதான். வழியில் அந்த அம்மாள் திரும்பத் திரும்பத் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. 1901-ல் வில்ஹெல்ம் மேபாக் என்ற மற்றொரு ஜெர்மானியர், தேன்கூடு போல ஆயிரக் கணக்கான சிறு குழாய்களை அடுக்கி ஒரு ரேடியேட்டர் செய்தார். காற்று அந்தக் குழாய்களின் வழியே புகுந்து தண்ணீரை ஆற்றியது. அதனால் முன்பு தேவைப்பட்ட தண்ணீரில் பாதி போதுமானதாயிற்று.

சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்ட காலத்தில், பல வண்டிகளில் தண்ணீரைத் தள்ளும் பம்ப் கூடக் கிடையாது. சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். அந்த இயல்பை நம்பியே தண்ணீர் சுற்றியது. ரேடியேட்டர் மூடியும் வெறும் மூடிதான். வெயிலில் ஏற்றம் ஏறினால் தண்ணீர் கொதித்து வெளியேறிவிடும். பஸ்ஸோடு ஒரு தண்ணீர் டின் போகும். வழியில் கிணறோ ஊருணியோ எங்கே இருக்கிறது என்பது டிரைவருக்கு மனப்பாடம்.

சாத்தூர், சிவகாசி, விருதுநகர்ப் பக்கம் போகிறவர்களுக்கு அந்தச் சங்கடம் நன்றாகப் புரியும். கரிசல் காடு. மழை குறைவு. கோடையில் நிழலுக்கு வேலிக் கருவேலைத் தவிர மரம் அரிது. தண்ணீர் கிடைத்தாலும் பல கிணறுகளில் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவம் உட்காருகிறது அல்லவா? அதே படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் சூடு தணியாது.

இத்தனைக்கும் நடுவில், குறித்த நேரத்துக்குப் பஸ் வர வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார். அதில்தான் சுந்தரம் அய்யங்காரின் தனித்தன்மை இருக்கிறது. பஸ் வாங்கப் பணம் இருந்தால் போதும். அதை நேரத்துக்கு ஓட்ட வேண்டுமானால் பட்டறை வேண்டும். உதிரிப் பாகம் கையில் இருக்க வேண்டும். கெட்டுப்போன பிறகு பழுது பார்ப்பது வேறு, கெடுவதற்கு முன்பே பார்ப்பது வேறு. அவர் இரண்டாவதை நம்பினார். பஸ் முதலாளியாகத் தொடங்கியவர் மோட்டார் விற்பவராகவும், உதிரிப் பாகம் விற்பவராகவும், பழுது பார்ப்பவராகவும் வளர்ந்தது இந்த வழியில்தான்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-ல் பம்பாயில் கார்களையும் லாரிகளையும் பூட்டி முடிக்கும் தொழிற்சாலை தொடங்கியது. அந்தக் கம்பெனியின் வண்டிகளைத் தென்னாட்டில் விற்ற முகவர்களில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் முன்னணியில் நின்றது. இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். இதற்கு ஒரு பின்கதை உண்டு. அது கடைசியில் வருகிறது.

ஒழுக்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

பட்டறைக்காரர்கள் அன்றும் இன்றும் அதிகமாகச் சந்திக்கும் நோய், தண்ணீர் குறைவது. இன்றைய காரில் வெறும் தண்ணீர் ஊற்றுவதில்லை. கூலண்ட் என்ற திரவத்தைச் சுத்தமான தண்ணீரில் கலந்து ஊற்றுகிறார்கள். பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும். பெயரும் நிறமும் மாறினாலும் நோய் அதேதான். சொந்தக் கார் வைத்திருப்பவர்களும், வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் இதை அறிந்திருந்தால் வீண் செலவு மிச்சமாகும்.

முதலில் ஒன்று. சூடாக இருக்கும் வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது! வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறது. ஆவி அடங்குவதற்கு முன் அதன் மூடியைத் திறப்போமா? ரேடியேட்டரும் ஒரு குக்கர்தான். மூடியில் உள்ள ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 120 டிகிரி வரை தாங்கும். மூடியைத் திறந்த மறு நொடி அழுத்தம் போய், கொதிநீர் முகத்தில் பாயும். இப்படி முகமும் கையும் வெந்தவர்கள் எத்தனையோ பேர். என்ஜின் நன்றாக ஆறட்டும். ஒரு மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

அடுத்தது, கீழே ஒழுகுவது எந்தத் தண்ணீர் என்று பார்க்க வேண்டும். குளிர்சாதனம் போட்டு ஓட்டிய காரின் அடியில் தண்ணீர் சொட்டும். அது நிறமும் வாசனையும் இல்லாத சுத்தத் தண்ணீர். அதற்குப் பயப்பட வேண்டாம். விரலில் தொட்டால் வழவழப்பாக இருந்து, நிறமும் இனிப்பு வாசனையும் இருந்தால் அது கூலண்ட். வாயில் வைத்துப் பார்க்காதீர்கள்! அது விஷம். இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் நாய்களும் நக்கிவிடும். தரையில் சிந்தினால் உடனே கழுவிவிட வேண்டும். மிச்சத்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது பெரிய ஆபத்து.

இரவில் வண்டியை நிறுத்தும்போது அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். (படித்து முடித்த பிறகு இந்தத் தாளும் ஆகும்!) காலையில் கறை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கறைக்கு நேர் மேலே தேடத் தொடங்கலாம். ஆனால் திரவம் ஒரு குழாய் வழியாக வழிந்து வேறு இடத்தில் சொட்டுவதும் உண்டு. ஆகையால் ஈரம் தொடங்கும் மிக உயரமான இடம் எது என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் குற்றவாளி ரப்பர் குழாயாக இருக்கும். ரேடியேட்டருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. வண்டி ஆறிய பிறகு அதைக் கையால் அழுத்திப் பாருங்கள். உப்பியிருந்தாலும், வெடிப்பு விட்டிருந்தாலும், கொழகொழவென்று இருந்தாலும் மாற்றிவிடுவதுதான் சரி. குழாய் நன்றாக இருந்து, அதை இறுக்கும் கிளிப் தளர்ந்திருந்தால் திருகாணியை முடுக்கினால் போதும். காய்ந்துபோன கூலண்ட் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குக் கட்டி நிற்கும். அந்தப் பொருக்கு திருடன் விட்டுப்போன காலடி மாதிரி.

வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கிறது. அது ஓட்டை அல்ல. வேண்டுமென்றே விட்ட துளை. பம்ப்புக்குள் இருக்கும் அடைப்பு தேய்ந்தால் அந்தத் துளை வழியே சொட்டும். அந்தத் துளையை அடைக்க முயல்கிறவர்கள் உண்டு. அது நோயைச் சொல்லும் வாயை மூடுவது போல் ஆகும். பம்ப்பை மாற்ற வேண்டியதுதான்.

இவை எதுவும் இல்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது என்றால் மூடியைப் பாருங்கள். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். குக்கரில் கேஸ்கெட் போனால் சாதம் வேகாமல் ஆவி போகிறதே, அதே கதைதான். அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியே போய்விடும். மோட்டார் வண்டியில் மிக மலிவான சாமான்களில் ஒன்று இந்த மூடி. இதைப் பார்க்காமல் ரேடியேட்டரையே கழற்றி எறிந்து, ஆயிரக் கணக்கில் செலவு செய்தவர்கள் இருக்கிறார்கள்.

பட்டறையில் ஒரு கைப்பம்ப் வைத்திருப்பார்கள். அதை மூடி இருக்கும் இடத்தில் பொருத்திக் காற்று அடிப்பார்கள். என்ஜின் ஓடாமலே உள்ளே அழுத்தம் ஏறும். முள் அப்படியே நின்றால் ஒழுக்கு இல்லை. முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. அப்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடினால் சொட்டும் இடம் தெரிந்துவிடும்.

வெளியே ஒரு சொட்டு ஈரம் இல்லை, ஆனால் முள் இறங்குகிறது என்றால் விஷயம் பெரிது. தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே போகிறது. புகைக் குழாயில் என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். ஆயில் பால் கலந்த காப்பி போல மாறியிருக்கும். அப்படியானால் வண்டியை ஒரு கெஜ தூரம்கூட ஓட்டாமல் பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போவதே நல்லது.

வழியில் அகப்பட்டுக்கொண்டால்?

விஸ்வநத்தத்திலிருந்து சரக்கு ஏற்றிப் புறப்படும் லாரிக்காரரை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் லாரிகளின் கூட்டம் சொல்லி முடியாது. பட்டாசும் தீப்பெட்டியும் அச்சடித்த காகிதமும் நாடு முழுவதும் போகின்றன. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அன்று தொடங்கியது இந்த ஓட்டம். தொழில் எவ்வளவு பெரிதானாலும் சரக்கு ஊர் போய்ச் சேர லாரி வேண்டும். லாரி ஓட அதன் ரேடியேட்டரில் தண்ணீர் வேண்டும்.

சூட்டு முள் மேலே ஏறினால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். பட்டாசு ஏற்றிய வண்டி என்றால் ஊர் ஜனமும் அடுப்பும் இல்லாத திறந்த இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். நிறுத்த இடம் இல்லாமல் கொஞ்ச தூரம் போயே ஆக வேண்டிய நிலையில் கார்க்காரர்களுக்கு ஒரு யுக்தி உண்டு. உள்ளே உஷ்ணக் காற்று வீசும் ஹீட்டரை முழுவதும் திறந்துவிடுவது. விருதுநகர் வெயிலில் ஹீட்டர் போடச் சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் அது என்ஜினின் சூட்டைத்தான் இழுத்து வெளியே விடுகிறது. ஐந்து நிமிஷம் வியர்த்தால் என்ஜின் தப்பும்.

வற்றிப்போய்க் கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் இரும்பு வெடித்துவிடலாம். ஆறிய பிறகு, என்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். ரப்பர் குழாய் நுனியில் கிழிந்திருந்தால், குழாய் நீளம் இடம் கொடுத்தால், கிழிந்த நுனியை வெட்டிவிட்டு மறுபடியும் மாட்டி இறுக்கலாம். நடுவில் வெடிப்பு என்றால் துடைத்து உலர்த்தி, ரப்பர் நாடாவை இழுத்து இறுகச் சுற்றி, மெதுவாக அடுத்த ஊர் போய்ச் சேரலாம்.

பழைய லாரி டிரைவர்களிடம் ஒரு கை வைத்தியம் உண்டு. ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போடுவார்கள். தூள் ஊறிப் போய்ச் சிறு ஓட்டையை அடைக்கும். அது வேலை செய்வதும் உண்மை. ஆனால் ஓட்டையை அடைக்கிற தூள், நல்ல குழாய்களையும் அடைக்கும். ஊர் போய்ச் சேர மட்டும் அது ஆகும். போய்ச் சேர்ந்ததும் முழுவதும் கழுவிவிட வேண்டும்.

பித்தளையிலும் செம்பிலும் செய்த பழைய ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தால் ஈயம் பற்றவைத்து அடைப்பார்கள். ஊருக்கு ஊர் இதில் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். இன்றைய கார் ரேடியேட்டர் அலுமினியத்தில் செய்தது. இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி. அதில் அந்த ஈயப் பற்று நிற்காது. பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

பெட்ரோல் இல்லாத நாட்கள்

சுந்தரம் அய்யங்கார் கதைக்குத் திரும்புவோம்.

1939-ல் இரண்டாவது உலகப் போர் மூண்டது. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. பஸ் முதலாளிகள் திகைத்துப் போனார்கள். பலர் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினார்கள். பெட்ரோல் இல்லாமல் பஸ் எப்படி ஓடும்?

கரியால் ஓட்டலாம் என்றார்கள் விஷயம் தெரிந்தவர்கள். மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் ஒரு வாயு உண்டாகும். அதைச் சுத்தம் செய்து, ஆற வைத்து என்ஜினுக்குள் விட்டால் என்ஜின் ஓடும். பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய உலை நிற்கும். டி.வி.எஸ். கம்பெனி அப்படிப்பட்ட கரிவாயுக் கருவியைத் தன் பெயரிலேயே செய்தது. அதைப் பொருத்திய பஸ்கள் போர்க் காலத்தில் ஓடின.

காலையில் உலையை மூட்டி வாயு வருவதற்கே நேரம் பிடிக்கும். பெட்ரோலில் கிடைக்கும் சக்தி கரிவாயுவில் கிடைக்காது. ஏற்றத்தில் பஸ் திணறும். சாம்பலும் தூசியும் என்ஜினுக்குள் போனால் தேய்மானம். ஆயினும் திணறிக்கொண்டு ஓடும் பஸ், ஓடாமல் நிற்கும் பஸ்ஸைவிட மேல் அல்லவா? ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மகள் சவுந்தரம்

அவருடைய வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறையாது.

அவருக்கு ஐந்து ஆண் மக்கள், மூன்று பெண் மக்கள். மகள் சவுந்தரம் 1904-ல் பிறந்தவர். அக்கால வழக்கப்படி இளம் வயதிலேயே மணம் முடித்துக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஒரு டாக்டர். நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தவரையே பிளேக் நோய் கொண்டுபோய்விட்டது. இருபது வயதை ஒட்டிய பெண், விதவையானார்.

அந்தக் காலத்தில், அதுவும் ஆசாரமான குடும்பத்தில், விதவைப் பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டுதான் உலகம். சவுந்தரம் அப்படி மூலையில் உட்காரவில்லை. டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்குப் படிக்கப் போனார். 1936-ல் டாக்டரானார். மதுரைக்கும் டில்லிக்கும் இடையே இருந்த தூரத்தைவிட, பின்கட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இருந்த தூரம் அந்நாளில் பெரிது.

டில்லியில் அவர் காந்தியத் தொண்டர் ஜி.ராமச்சந்திரனைச் சந்தித்தார். இருவரும் மணந்துகொள்ள விரும்பினார்கள். மறுமணம், அதுவும் வேறு ஜாதி. பெற்றோருக்கு மனம் ஒப்பவில்லை. சாலையில் புது வழி கண்ட தகப்பனாருக்கும் வீட்டில் புது வழி கடினமாகத்தான் இருந்தது. 1940-ல் காந்தியடிகளின் ஆசியோடு கல்யாணம் நடந்தது.

1947-ல் இருவரும் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கிராமக் கைத்தொழில் என்று அது வளர்ந்தது. இன்று அது பல்கலைக் கழகம். சவுந்தரம் அம்மையார் 1962-ல் திண்டுக்கல்லிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். பஸ் முதலாளியின் மகள் என்று சொல்வது போய், டாக்டர் சவுந்தரத்தின் தகப்பனார் என்று காந்திகிராமத்துப் பக்கம் சொல்லும்படி ஆயிற்று.

கடைசி நாட்கள்

வியாபாரத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். பஸ்களும் லாரிகளும் சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் ஓடின. 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி சுந்தரம் அய்யங்கார் கொடைக்கானலில் காலமானார். வயது 78.

அவர் பஸ் ஓட்டினார், மோட்டார் விற்றார், பழுது பார்த்தார். மோட்டாரின் பாகங்களைப் பெரிய அளவில் செய்யும் வேலை அவருக்குப் பின் வந்தது. 1960-களில் அவருடைய பிள்ளைகளும் பேரன்களும் சக்கரம், பிரேக், மின்சாரக் கருவி, திருகாணி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொழிற்சாலைகள் வைத்தார்கள்.

பஸ்கள் அந்தக் குடும்பத்தின் கையில் நிற்கவில்லை. 1972-ல் தமிழ்நாட்டு அரசு அவற்றை நாட்டுடைமை ஆக்கியது. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரில் அவை ஓடின. மதுரைக்காரர்கள் வெகு நாள் வரை அதையும் டி.வி.எஸ். பஸ் என்றே சொல்லிவந்தார்கள்.

ரேடியேட்டர் மூடி

இப்போது அந்தப் பின்கதை.

திருகாணி செய்யத் தொடங்கிய கம்பெனிக்கு சுந்தரம் பாஸனர்ஸ் என்று பெயர். அதை நடத்தியவர் சுந்தரம் அய்யங்காரின் பேரன் சுரேஷ் கிருஷ்ணா. 1990-களின் தொடக்கத்தில் அவர் காதுக்கு ஒரு செய்தி வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, ரேடியேட்டர் மூடி செய்யும் தன் இயந்திரங்களை விற்றுவிட முடிவு செய்திருந்தது. சுந்தரம் பாஸனர்ஸ் அந்த இயந்திரங்களை மொத்தமாக வாங்கியது. அவற்றைக் கப்பலில் ஏற்றிச் சென்னைப் பக்கம் கொண்டுவந்து நிறுவினார்கள்.

இந்தியாவில் செய்த மூடியை அமெரிக்கக் காரில் போடுவார்களா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. மூடி சின்னது. ஆனால் ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்தாலும், ரப்பர் வளையம் கொஞ்சம் கோணினாலும் ஒரு காரே நடுவழியில் நிற்கும். ஆயிரத்தில் ஒன்று பழுதானால்கூட அமெரிக்காவிலிருந்து புகார் வந்துவிடும்.

புகார் வரவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு மூடி சென்னையிலிருந்து கப்பலில் போயிற்று. சில ஆண்டுகளுக்குள், சிறந்த முறையில் சாமான் அனுப்புகிறவர் என்று அந்த அமெரிக்கக் கம்பெனி சுந்தரம் பாஸனர்ஸுக்கு விருது கொடுத்தது. மறு ஆண்டும் கொடுத்தது. அதற்கு மறு ஆண்டும் கொடுத்தது. தாத்தா மதுரையில் விற்றது அந்தக் கம்பெனியின் காரை. பேரன் சென்னையிலிருந்து அனுப்பியது அந்தக் காருக்கு மூடியை.